கொடையா, கூலியா?

ஊர்ப் பெயர்களுக்கு மனிதரைவிட நீண்ட நினைவு உண்டு. சென்னைக்கு மேற்கே, ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து உறங்கப் பழகிவிட்ட நம் ஊர்களின் பெயர்களைச் சற்று நின்று உச்சரித்துப் பாருங்கள். பூந்தமல்லியைப் பூவிருந்தவல்லி என்று எழுதும் வழக்கம் இன்னும் மறையவில்லை. பூந்தோட்டம் வளர்த்து, அதன் மலர்களைக் காஞ்சிக்குச் சுமந்து சென்றவர் என வைணவ மரபு போற்றும் திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. அதற்கு அண்மையில் திருவேற்காடு. வேல மரங்கள் அடர்ந்த காடு என்பர் அப்பெயரின் பொருளை. அங்குள்ள சிவன் கோயிலின் தலமரமும் வெள்வேல மரமே. ஆவடியை நெருங்கினால் பருத்திப்பட்டு. பூவும் வேலமும் பருத்தியும் நம் முன்னோர் கண்ட நிலத்தின் அடையாளங்கள்.

1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. அவற்றைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின. செடிகள் ஊர்ப் பெயருக்குள் ஒதுங்கிக்கொண்டன. ஆயினும் மனை விற்பனைப் பலகை நட்ட காலி நிலங்களிலும், மழைநீர்க் கால்வாய் ஓரங்களிலும், ஏரிக்கரைச் சரிவுகளிலும் எவரும் நடாத செடிகள் இன்றும் தழைத்து நிற்கின்றன. அப்படி நின்ற ஓர் ஆமணக்குச் செடிதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்தபின் மறைக்கல்வி மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிக்கரைக்குச் சென்றிருந்தோம். வழியில் ஒரு சிறுவன் ஆமணக்குச் செடியருகே நின்றுவிட்டான். இலைக்காம்பும் இலையும் கூடுமிடத்தில் கடுகளவு இரண்டு மூன்று குமிழ்கள். அவற்றைச் சுற்றி எறும்புகள். "சார், இதுல பூவே இல்லையே, எறும்பு எதுக்கு வருது?" என்றான். நம்மில் தாவரவியல் பயின்ற ஒருவர் விளக்கினார். அக்குமிழ்களில் இனிப்பு நீர் சுரக்கிறது. அதைப் பருக எறும்பு வருகிறது. வந்த எறும்பு, இலையைத் தின்ன வரும் புழுவைக் கடித்து விரட்டுகிறது. அந்துப்பூச்சி இட்டுச் சென்ற முட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறது.

"அப்போ அது வாட்ச்மேன் சம்பளம், சார்" என்றான் சிறுவன்.

"இல்ல சார், எறும்பு கேக்காமலே செடி குடுக்குதே, அது தர்மம்" என்றாள் உடன் வந்த சிறுமி.

சிரித்துவிட்டு நடந்தோம். ஆயின் அவ்விரு சொற்களும் நம்மை விடவில்லை. காரணம், அதே வாரத்தில் நம் பங்கின் உதவிக் குழுக் கூட்டத்தில் நிகழ்ந்த ஒன்று.

கணவரை இழந்த ஒரு சகோதரிக்கு இரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் அரிசியும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பகுதியும் வழங்கி வந்தோம். உதவி பெறுவோர் பதிவேட்டில் "அன்பியக் கூட்டத்திற்கு வருகை" என்று ஒரு கட்டம் உண்டு. மூன்று மாதங்களாக அவர் பெயருக்கு நேரே அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. "வாங்கும்போது வந்தார், இப்போது எங்கே?" என்று ஒருவர் கேட்டார். உதவியை நிறுத்தலாம் என மற்றொருவர் முன்மொழிந்தார். பெரும்பாலோர் தலையசைத்தோம். அவர் ஏன் வரவில்லை என்று கேட்டுவர எவரும் அவர் வீட்டுக்குப் போயிருக்கவில்லை என்பது கூட்டம் கலைந்த பின்னரே நினைவுக்கு வந்தது. நாம் கொடுத்துவந்தது கொடையா, கூலியா? அல்லது இவ்விரண்டுமல்லாத வேறொன்றா?

இலைக்காம்பில் ஒரு துளி

முதலில் செடியை அறிவோம். தேனீக்கூட்டில் நாம் காணும் தேன் வேறு; செடி சுரக்கும் பூந்தேன் வேறு. பூந்தேன் பெரும்பகுதி நீரும் சர்க்கரைகளும் சேர்ந்த மெல்லிய கரைசல். தேனீ அதைக் கொண்டுசென்று, தன் உடலின் நொதிகளைக் கலந்து, நீரை வற்றச் செய்து தேனாக்குகிறது. கதிரொளியில் இலை சமைத்த சர்க்கரையே செடியின் குழாய்த் திசு வழியாக வந்து தேன்சுரப்பிகளில் கசிகிறது. கனியாகவோ விதையாகவோ வேராகவோ மாறியிருக்கக்கூடிய பொருள் அது. எனவே செடிக்கு அத்துளி இலவசமன்று. தன் உணவிலிருந்து பிட்டுத் தருவது.

பூவினுள் இருக்கும் சுரப்பியை எல்லாரும் அறிவோம். தேன் பருக வரும் வண்டின் உடலில் மகரந்தம் ஒட்டிக்கொள்கிறது; அடுத்த பூவில் அது சூலகமுடியைச் சேர்கிறது. பூவுக்குப் புறம்பே, இலையிலும் காம்பிலும் தண்டிலும் அமைந்த சுரப்பிகளைப் பலர் அறியார். பூவரசின் இலையைத் திருப்பி நடுநரம்பின் அடிப்பகுதியைப் பார்த்தால் அது தெரியும். பருத்தி இலையின் அடிப்புறத்திலும் அவ்வாறே. வேல மரத்தின் இலைக்காம்பிலும், ஆவாரையின் சிற்றிலை இணைகளுக்கு இடையிலும், காராமணியின் பூங்காம்பிலும் அவை உண்டு. ஆமணக்கின் நிலையோ வியப்புக்குரியது. அதன் மகரந்தத்தைப் பெரும்பாலும் காற்றே சுமந்துவிடுவதால் பூவில் தேன் வைத்து எவரையும் அழைக்க வேண்டியதில்லை. அது வைக்கும் தேன் முழுவதும் வாயிற்காவலருக்கே.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. பருத்தி இலையைப் புழு கடித்தால் அச்செடியின் தேன்சுரப்பிகள் முன்னினும் மிகுதியாகச் சுரக்கின்றன என்பதை 1990களின் இறுதியில் ஆய்வாளர் மெய்ப்பித்தனர். துன்பம் வந்த இலையில் துளி பெருகுகிறது. எறும்புகள் திரள்கின்றன.

ஆயினும் காவல் என்றும் ஒழுங்காக நடக்கிறது என எண்ண வேண்டா. காராமணிக் கொடியில் தேன் பருகும் எறும்பே, அக்கொடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளையும் பாதுகாக்கிறது. அவை கழிக்கும் இனிப்பு நீரும் அதற்கு வேண்டும். ஒரே காவலாளி, வீட்டுக்காரனிடமும் திருடனிடமும் ஊதியம் பெறுகிறான். ஈயும் குளவியும் காவல் செய்யாமலே ஒரு துளி குடித்துவிட்டுப் போகின்றன. திறந்து கிடக்கும் சுரப்பிக்கு இன்னார் தகுதியுடையார், இன்னார் தகுதியற்றார் எனப் பிரிக்கத் தெரியாது.

ஒரு பள்ளித் தலைவரின் நம்பிக்கை

தேன் செடிக்கு எதற்கு என்று முறையாக வினவியவருள் முதன்மையானவர் ஜெர்மனியைச் சேர்ந்த கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கல். 1750-இல் பிறந்தவர், இறையியல் பயின்றவர், பெர்லினை அடுத்த ஸ்பாண்டவ் நகரில் லூத்தரன் பள்ளியொன்றின் தலைவராக இருந்தவர். 1787-ஆம் ஆண்டுக் கோடையில் காட்டு ஜெரேனியப் பூ ஒன்றின் இதழடியில் மெல்லிய மயிர்களைக் கண்டார். அறிவே உருவான படைப்பாளர் ஒரு மயிரையேனும் காரணமின்றிப் படைத்திரார் என்பது அவர் நம்பிக்கை. அந்நம்பிக்கையோடு ஆராய்ந்தவர், மழைநீர் தேனில் கலந்துவிடாமல் அம்மயிர்கள் காக்கின்றன என்று கண்டார். அங்கிருந்து தொடங்கி, பூவின் நிறமும் கோடும் மணமும் பூச்சியைத் தேனுக்கு வழிநடத்தும் அடையாளங்கள் என்ற முடிவுக்கு வந்து, 1793-இல் நூலாக வெளியிட்டார்.

உலகம் அவரைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஆண்டே பள்ளிப் பொறுப்பும் போயிற்று. 1816-இல் பெரிதும் அறியப்படாதவராக மறைந்தார். அவர் நூலின் பெருமையைப் பின்னர் உலகறியச் செய்தவர் சார்லஸ் டார்வின்.

நமக்கு வேண்டிய செய்தி வேறொன்று. படைப்பில் எதுவும் வீணன்று என்று நம்பிய அதே ஸ்ப்ரெங்கல்தான், தேன் இருப்பதுபோல் தோற்றம் காட்டி ஒரு துளியும் தராமல் பூச்சியை ஏமாற்றும் ஆர்க்கிட் பூக்கள் உண்டு என்பதையும் கண்டார். தம் இறைப்பற்றுக்கு இடராக அதை மறைத்துவிடவில்லை. கண்டதைக் கண்டவாறு எழுதினார். படைப்பைப் புகழ்வோர்க்கு இந்நேர்மை முதற்கடன். மலரெல்லாம் வள்ளல், வண்டெல்லாம் நன்றியுள்ள விருந்தாளி என்று பாடிவிட்டுப் போவது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று.

இலைத்தேனைப் பற்றியும் வழக்கு எழுந்தது. நிக்கராகுவா நாட்டுத் தங்கச் சுரங்கத்தில் பொறியாளராகப் பணியாற்றிய தாமஸ் பெல்ட், அங்குள்ள மாட்டுக்கொம்பு வேல மரத்தை எறும்புகள் படைபோல் காப்பதைக் கண்டு 1874-இல் எழுதினார். தேன் என்பது காவலுக்கு ஊதியம் என்றார். இத்தாலியத் தாவரவியலாளர் பெதெரிக்கோ டெல்பினோவும் அக்கருத்தையே கொண்டார். டார்வினோ பல செடிகளில் அது தேவையற்ற கழிவாக வெளியேறுவதே என எண்ணினார். 1966-இல் டேனியல் ஜான்சன் என்ற அமெரிக்க அறிஞர், மெக்சிகோவில் சில வேல மரங்களிலிருந்து எறும்புகளை அகற்றிவிட்டுக் காத்திருந்தார். காவலிழந்த மரங்கள் பூச்சிகளுக்கு இரையாகி நலிந்தன. அம்மரங்களைப் பொறுத்தவரை வழக்கு ஊதியத்தின் பக்கம் தீர்ந்தது.

நம் சிறுவன் சொன்னதே சரி என்று இங்கே முடித்துக்கொள்ளலாம். ஆனால் இந்நூற்றாண்டின் ஆய்வுகள் இன்னும் ஆழமான ஒன்றைக் காட்டியுள்ளன.

மூன்று வகைத் துளிகள்

முதலாவது, ஆமணக்கின் துளி. குடித்த எறும்பு தங்கலாம், போகலாம். நாளை வேறொரு செடியை நாடலாம். இது திறந்த கதவு.

இரண்டாவது, காப்பிப் பூவின் துளி. காப்பி, எலுமிச்சை இனங்களின் பூந்தேனில் சிறிதளவு காஃபீன் கலந்துள்ளது. தேனீ அதன் கசப்பை உணராத அளவு அது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, வெறும் சர்க்கரை நீரைப் பருகிய தேனீக்களைவிடக் காஃபீன் கலந்ததைப் பருகிய தேனீக்கள் அம்மணத்தை நெடுநேரம் மறவாமல் வைத்திருந்ததைக் காட்டியது. மறக்க முடியாமல் கொடுப்பது இது. விருந்தாளி தானாகவே திரும்பி வருகிறான். ஏன் வருகிறோம் என்பதை அவன் அறியான்.

மூன்றாவது, பெல்ட் கண்ட அதே மாட்டுக்கொம்பு வேலத்தின் துளி. பொதுவாகச் செடிகளின் தேனில் கரும்புச் சர்க்கரை உண்டு. அதைச் செரிக்க இன்வர்ட்டேஸ் என்னும் நொதி வேண்டும். இவ்வேலத்தின் தேனிலோ கரும்புச் சர்க்கரை முன்பே உடைக்கப்பட்டு, செரித்த நிலையிலேயே எறும்புக்குக் கிடைக்கிறது. இதைக் கருணை என்றே எவரும் எண்ணுவர். ஆனால் மார்ட்டின் ஹைல் என்பவரின் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வு திரையை விலக்கியது. அத்தேனில் கலந்துள்ள ஒரு புரதம், எறும்பின் உடலிலுள்ள இன்வர்ட்டேஸைச் செயலற்றதாக்கிவிடுகிறது. கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளிவந்த எறும்பு முதன்முறை அத்தேனைப் பருகியதும், கரும்புச் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றலை இழக்கிறது. இனி அதற்கு வேறு செடியின் தேன் உணவாகாது. அம்மரமே வீடு, அம்மரமே உணவு, அம்மரமே உலகம். காவல் மிகச் சிறப்பாக நடக்கிறது. ஏனெனில் காவலாளிக்குப் போக்கிடம் இல்லை.

மூன்றும் இனிப்பே. மூன்றையும் பெறும் உயிர்கள் விரும்பியே பருகுகின்றன. வேறுபாடு துளியின் அளவிலோ சுவையிலோ இல்லை. பருகியபின் அவ்வுயிருக்கு எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். செடிக்குக் கருணையும் இல்லை, சூதும் இல்லை. நெடுங்கால இயற்கைத் தேர்வில் தழைத்து நின்ற முறைகள் இவை. ஆமணக்கு புனிதரும் அன்று, மாட்டுக்கொம்பு வேலம் கொடியவரும் அன்று. செடியைப் பார்த்து ஒழுக்கம் கற்போம் என்பவர், ஏமாற்றும் ஆர்க்கிட்டிடமும் கற்க வேண்டிவரும். செடி நமக்கு ஆசானன்று, கண்ணாடி. கருத்தே இல்லாத அதன் துளியில், கருத்தோடு நாம் கொடுக்கும் துளியின் வகையை இனம் காணலாம்.

முன்பணம் என்னும் தேன்

மூன்றாம் வகைத் துளியை நாம் நிக்கராகுவாவில் தேட வேண்டியதில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தாண்டித் திருவள்ளூர் மாவட்டத்திற்குள் சென்றால் செங்கற் சூளைகள் உண்டு. ஒடிசாவிலிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவோர் அங்கு மண் பிசைகின்றனர். வருமுன் அவர்கள் கையில் ஒரு தொகை தரப்படுகிறது, முன்பணம். மகளின் திருமணத்திற்கோ தாயின் மருத்துவத்திற்கோ வேண்டிய நேரத்தில் வந்த பணம் அது. அந்நேரத்தில் அது இனிப்பே. ஆனால் சில சூளைகளில் அப்பணம் தீர்வதே இல்லை. கணக்கு முதலாளியின் ஏட்டில் இருக்கும். தொழிலாளி வேறிடம் போகும் உரிமை அந்த ஏட்டுக்குள் கிடக்கும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவ்வகைக் கடன்கள் அனைத்தும் செல்லாதவை என்றது. அதன்பின்னும், இந்நூற்றாண்டிலும், இம்மாவட்டத்துச் சூளைகளிலிருந்து மக்கள் விடுவிக்கப்பட்ட செய்திகளை நாம் படித்திருக்கிறோம். படித்து வருந்தியிருக்கிறோம்.

அவ்வருத்தத்தோடு நம் பங்கின் பதிவேட்டைத் திறந்தால் அந்தக் கட்டம் கண்ணில் படுகிறது. "அன்பியக் கூட்டத்திற்கு வருகை." சூளையின் ஏட்டையும் நம் ஏட்டையும் ஒன்றாக்கிப் பேசுவது மிகை என்பதை ஒப்புக்கொள்கிறோம். அங்கே உழைப்பும் உடலும் சிறைப்படுகின்றன. இங்கே மாதம் ஒரு மாலை நேரம் மட்டுமே கேட்கப்படுகிறது. ஆயினும் அரிசி வாங்கும் தாய், வராவிட்டால் என்ன ஆகுமோ என்று அஞ்சிக் கூட்டத்திற்கு வந்து, செபமாலையைக் கையில் பிடித்து அமர்ந்திருந்தால், நாம் அவரிடமிருந்து பெற்றது எது? செபமா, காவலா?

கூலி இழிசொல் அன்று

அப்படியானால் சிறுமி சொன்ன தர்மமே உயர்ந்தது, சிறுவன் சொன்ன சம்பளம் தாழ்ந்தது என்று கொள்ளலாமா? கூடாது. தொழிற்பேட்டையின் நிழலில் வாழும் நாம் அவ்வாறு சொல்லவே கூடாது. உழைப்பவனுக்கு நேர்மையான ஊதியம் உரிமை; அது எவருடைய இரக்கத்தையும் சார்ந்ததன்று. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில், முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதால் மட்டும் ஓர் ஊதியம் நீதியானதாகிவிடாது என்றும், சிக்கனமாக வாழும் தொழிலாளி தன் வாழ்வை நடத்தப் போதுமானதாக அது இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி 1965-இல் வெளியிட்ட ஏடு இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. நீதியின்படி தரவேண்டியதைத் தருமம்போல் தரலாகாது. உதவுவதில் தன்னலமோ ஆளும் வேட்கையோ கலக்கக் கூடாது. உதவி பெறுபவர் படிப்படியாகப் பிறரைச் சாராமல் தம் காலில் நிற்கும் வண்ணம் அது அமைய வேண்டும். நம்மைப் போன்ற பொதுநிலையினருக்கென்றே எழுதப்பட்ட ஏடு அது. நாம் அதன் பெயரை மேற்கோள் காட்டுமளவுக்கு அதைப் பின்பற்றுவதில்லை.

ஆக, கொடையா கூலியா என்ற வினாவே சற்றுப் பிழையானது. நேர்மையான கூலி, பெறுபவனை நிமிரச் செய்கிறது; அவன் வேறு வேலை தேடவும் தடையில்லை. கட்டிப்போடும் கொடையோ பெயரளவில் கொடையாயிருந்தும் பெறுபவனைக் குனிய வைக்கிறது. கேட்க வேண்டியது வேறு. கொடுத்த கை, பெற்றவனின் வழியைத் திறந்து வைத்ததா, அடைத்ததா?

திரும்பாத ஒன்பது பேர்

கைம்மாறு கருதாமல் கொடுப்பதே உயர்ந்தது என்பதில் நம் இருபெரும் மரபுகளும் ஒன்றுபடுகின்றன. வள்ளுவர் மழையைக் காட்டுகிறார். உலகம் மழைக்கு என்ன திருப்பிச் செய்துவிட முடியும் என்கிறார். ஊர் நடுவே பழுத்த மரத்தையும், தன் உறுப்பெல்லாம் மருந்தாகும் மரத்தையும் அதே அதிகாரத்தில் உவமை சொல்கிறார். இயேசுவோ விருந்து வைப்பவரிடம், திருப்பி அழைக்க வசதியுள்ள நண்பரையும் செல்வரையும் விட்டு, ஏழையரையும் உடல் ஊனமுற்றோரையும் அழைக்கச் சொல்கிறார்.

ஆனால் மனித மனம் மழையன்று. கொடுத்தபின் ஒரு சொல்லை, ஒரு முகமலர்ச்சியை எதிர்பார்க்கிறது. இவ்வெதிர்பார்ப்பே பாவமா? லூக்கா நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளர் நலம்பெறுகின்றனர். ஒருவர் மட்டுமே திரும்பி வந்து நன்றி கூறுகிறார், அவரும் சமாரியர். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார். நாம் வழக்கமாக இப்பகுதியை நன்றி மறந்தவர்களைக் கண்டிக்கவே பயன்படுத்துகிறோம். நம் கூட்டத்தில் அன்று எழுந்த "இப்போது எங்கே?" என்ற கேள்வியும் ஏறத்தாழ அதுவே.

ஆயின் அந்நிகழ்ச்சியில் சொல்லப்படாத ஒன்றைக் கவனியுங்கள். ஒன்பது பேருடைய நலமும் திரும்பப் பறிக்கப்படவில்லை. திரும்பாத கால்களில் நோய் மீண்டும் ஏறவில்லை. ஆண்டவர் நன்றியை விரும்பினார்; ஆனால் நன்றியை நலத்தின் விலையாக்கவில்லை. அவர்கள் திரும்பாமல் போகக்கூடிய பாதையையும் திறந்தே வைத்திருந்தார். அதனால்தான் திரும்பி வந்த அந்த ஒருவரின் நன்றிக்கு மதிப்பு உண்டாயிற்று. போக்கிடம் இல்லாத எறும்பு மரத்தை நேசிக்கிறதா என்று எவரும் கேட்கமாட்டார். போகக்கூடியவன் வந்தால்தான் அது வருகை.

வள்ளுவர் அந்த அதிகாரத்துக்கு இட்ட பெயர் ஒப்புரவறிதல். அச்சொல்லையே தமிழகத் திருச்சபை மற்றோர் இடத்தில் எடுத்தாள்கிறது. பாவமன்னிப்புப் பெறும் அருட்சாதனத்தை ஒப்புரவு என்கிறோம். ஒன்று ஈகையைக் குறிக்கிறது. மற்றொன்று பிரிந்த உறவு கூடுவதைக் குறிக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்துவது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை. ஒப்ப நிற்பது இரண்டிலும் உண்டு. கொடுப்பவர் மேலும் பெறுபவர் கீழுமாக நிற்கும் வரை, அங்கே ஈகை இருக்கலாம், ஒப்புரவு இராது.

கூட்டத்தில் நடந்தது

அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தக் கட்டத்தை நீக்கலாம் என்று கேட்டோம். கணக்கைப் பார்க்கும் பெரியவர் ஒப்பவில்லை. "காணிக்கை போட்டவர்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்காமல் கொடுத்தால் ஏமாற்றுகிறவர்கள்தான் பெருகுவார்கள். உண்மையில் கஷ்டப்படுபவருக்கு மிஞ்சாது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நம்மிடம் உள்ளது மழையன்று, சிறு கிணறு. எவருக்குத் தேவை என்று அறியாமல் இறைத்தால் வற்றிவிடும். புழு கடித்த இலையில்தானே துளி பெருகுகிறது! ஆகவே தேவையை விசாரிக்கும் கட்டங்கள் அப்படியே இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டோம். வருகைக்கான கட்டத்தை மட்டும் ஒரு கோடிட்டு அடித்தோம். பெரியவர் முழு மனத்தோடு இசைந்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் அளவுகோலை எடுத்து, கோடு நேராக விழும்படி அடித்தவர் அவரே.

பிறகு நம்மில் இருவர் அந்தச் சகோதரியின் வீட்டுக்குச் சென்றோம். ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை என முன்பே முடிவுசெய்திருந்தோம். அம்பத்தூரில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசினோம். புறப்படும் நேரத்தில், "இருங்க, காப்பி சாப்பிட்டுட்டுப் போகணும்" என்றார். பால் பாக்கெட்டைப் பிரிக்கும் ஓசை கேட்டது. வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வாயெடுத்தோம். அச்சொல் தொண்டையிலேயே நின்றது. இரண்டு ஆண்டுகளாக நாம் மட்டுமே கொடுத்துவந்த வீட்டில், முதன்முறையாக ஒன்றைப் பெறவிருந்தோம். அமர்ந்து, வாங்கிக் குடித்தோம். சர்க்கரை சற்று மிகுதி.

அந்தச் சகோதரி அடுத்த அன்பியக் கூட்டத்திற்கு வந்தாரா என்று வாசகர் அறிய விரும்பலாம். அதை இங்கு எழுதப் போவதில்லை. எழுதினால், அடித்த கட்டத்தை நாமே மீண்டும் வரைந்ததாகும்.